ஸ்டேகர்: விழவும் இல்லை, நிற்கவும் இல்லை

ஸ்டேகர் (stagger) என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி இத்தனை பேர் கேட்டிருப்பது மகிழ்ச்சியாக இருக்கிறது. மொழிபெயர்ப்பு வேலையில் நான் பலமுறை மல்லுக்கட்டிய சொல் இது.

கேள்வி: ஐயா, ஸ்டேகர் என்றால் 'தள்ளாடு' என்று எழுதிவிட்டால் போதாதா?

பதில்: பல இடங்களில் போதும். ஆனால் அந்தச் சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: கால் நகர்கிறது, உடல் நிலை தவறுகிறது, ஆள் இன்னும் விழவில்லை. இதில் ஒன்று குறைந்தாலும் வேறு சொல் வேண்டும். கல்லில் கால் தட்டினால் ஸ்டம்பிள், நம் 'இடறு'. ஒரே ஒரு முறை திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்தால் லர்ச். தலை சுற்றி ஆடினால் ரீல். அடி வாங்கியவன், காய்ச்சல்காரன், குடித்தவன், தாங்க முடியாத மூட்டையைச் சுமப்பவன் இவர்களெல்லாம் அடிமேல் அடி வைத்துத் தள்ளாடிக்கொண்டே போவதுதான் ஸ்டேகர்.

கேள்வி: உச்சரிப்பு? ஸ்டேஜர் என்று சிலர் சொல்கிறார்கள்.

பதில்: 'ஜ' கிடையாது. ஆங்கில 'bigger' என்பதில் வரும் 'g' ஒலிதான். முதல் உயிர், கேமரா என்பதன் முதல் எழுத்தில் ஆங்கிலேயர் ஒலிப்பது.

கேள்வி: நான் சிறுகதைகள் மொழிபெயர்க்கிறேன். 'அவன் அறைக்குள் தள்ளாடினான்' என்று எழுதினேன். ஆசிரியர் தப்பு என்கிறார். ஏன்?

பதில்: உங்கள் வாக்கியத்தைப் படிப்பவர் அவன் ஏற்கெனவே அறைக்குள் நின்று ஆடுகிறான் என்று நினைப்பார். மூலத்தில் அவன் வெளியிலிருந்து உள்ளே வருகிறான். ஆங்கிலம் எப்படி நடந்தான் என்பதை வினையில் வைத்துவிட்டு, எங்கே போனான் என்பதை 'இன்டு', 'அவுட்', 'அக்ராஸ்' போன்ற சின்னச் சொற்களிடம் விட்டுவிடும். தமிழ் நேர்மாறு. வந்தான், போனான், ஏறினான் என்று திசையை முற்றுவினை சொல்லும். நடந்த விதத்தை அதற்கு முன்னால் ஒரு வினையெச்சம் சொல்லும். ஆகவே 'தள்ளாடியபடி அறைக்குள் வந்தான்'. இதை வழக்கமாக்கிக்கொண்டால் ஆங்கில நடைவினைகளில் பாதி உங்களுக்கு வசப்பட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் அடுக்கிச் சொல்லும் வசதி இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். மூன்று மைல் ஸ்டேகர் செய்து வந்தார் என்றால் 'மூன்று மைலும் தள்ளாடித் தள்ளாடியே வந்து சேர்ந்தார்'. கீழே விழுந்தவன் ஸ்டேகர் செய்து எழுந்தால் 'தட்டுத் தடுமாறி எழுந்தான்'. இந்தத் 'தட்டுத் தடுமாறி'க்கு இணையாக ஓர் ஆங்கிலச் சொல்லை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேள்வி: நடக்கப் பழகும் குழந்தைக்கும் இதையே சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அதற்கு டாடில் இருக்கிறது. ஸ்டேகரில் ஒரு வேதனையோ பாரமோ ஒட்டியிருக்கும். குழந்தையின் நடையில் அது இல்லை. பெரியாழ்வார் கண்ணனுக்குச் சொன்ன 'தளர்நடை' எவ்வளவு பொருத்தமான சொல்!

கேள்வி: செய்தியில் 'ஸ்டேகரிங்' தொகை என்று வருகிறதே, தொகை எப்படித் தள்ளாடும்?

பதில்: தள்ளாடுவது தொகை அல்ல, அதைக் கேட்டவர். முகத்தில் அறைந்ததுபோல ஒரு செய்தி நம்மை நிலைகுலைய வைக்கிறது என்பதுதான் உள்ளே இருக்கும் படம். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் தள்ளுதல் என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து வந்த சொல் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தமிழில் 'மலைக்க வைக்கும் தொகை' என்றால் கச்சிதம். நல்லதற்கும் கெட்டதற்கும் வரும்: மலைக்க வைக்கும் வெற்றி, மலைக்க வைக்கும் இழப்பு. ஆளைக் குறித்து வந்தால் 'நிலைகுலைந்து போனார்' அல்லது 'திகைத்துப் போனார்' என்று இடம் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ஆபிரகாம் தேவனுடைய வாக்குறுதியைக் குறித்து ஸ்டேகர் ஆகவில்லை என்று ரோமர் 4:20 சொல்கிறது. அங்கே என்ன பொருள்?

பதில்: மனம் தள்ளாடவில்லை, ஐயப்படவில்லை என்று பொருள். தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'சந்தேகப்படாமல்' என்று நேராகச் சொல்லிவிடுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் இந்தப் பொருள் அரிதாகிவிட்டது.

கேள்வி: அலுவலகச் சுற்றறிக்கையில் வேலை நேரத்தை ஸ்டேகர் செய்யப்போவதாக எழுதியிருக்கிறார்கள். இதற்கும் தள்ளாட்டத்துக்கும் என்ன உறவு?

பதில்: தள்ளாடுபவரின் காலடித் தடத்தைக் கற்பனை செய்யுங்கள். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், எதுவும் ஒரே கோட்டில் இருக்காது. சக்கரத்தின் ஆரக்கால்களை இப்புறமும் அப்புறமுமாக மாற்றி மாற்றிப் பொருத்துவதற்கும் இதே சொல். இடத்தில் அப்படி என்றால் நேரத்திலும் அப்படியே: எல்லாரும் ஒன்றாக வராமல் முன்பின்னாக வருவது. 'வேலை நேரத்தை முன்பின்னாகப் பிரித்திருக்கிறோம்' என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

400 மீட்டர் ஓட்டத்தின் தொடக்கக் கோடுகளும் இப்படித்தான். வெளித்தடத்தின் வளைவு நீளம் கூடுதல். 1.22 மீட்டர் அகலத் தடங்கள் உள்ள மைதானத்தில் இரண்டாம் தடத்துக்காரர் முதல் தடத்துக்காரரைவிட 7.04 மீட்டர் முன்னால் நிற்பார். ஓட்டக்காரர்கள் அந்த இடைவெளியையே ஸ்டேகர் என்கிறார்கள். அங்கே அது பெயர்ச்சொல்.

கேள்வி: குதிரைக்கு 'ஸ்டேகர்ஸ்' என்றால்?

பதில்: நோயின் பெயர். கால்நடைகள் நிலை தவறித் தள்ளாடும் சில நோய்களை இப்படிப் பொதுவாகச் சொல்வார்கள். 'கிராஸ் ஸ்டேகர்ஸ்' என்றால் குறிப்பாக மாடுகளுக்கு மெக்னீசியம் குறைவதால் வருவது. கதையில் இது வந்தால் 'தள்ளாட்ட நோய்' என்று எழுதிவிடுங்கள்.