நிதியுதவியை எப்போது கேட்பது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான் திருச்சியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்கு லால்குடிப் பக்கம் நான்கு ஏக்கர் நஞ்சை. தாசில்தார் தந்த சான்றில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்று இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு டிரான்ஸ்ஃபர் மாணவனாக, அதாவது பட்டப்படிப்பின் நடுவில் இங்கிருந்து மாறிச் சேர்பவனாகச் செல்ல விரும்புகிறேன். உதவி கேட்டால் இடம் கிடைக்காது என்கிறார்கள். வேண்டாம் என்று விண்ணப்பித்துவிட்டு, சேர்ந்தபின் கேட்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையையும் கணக்கில் கொண்டே இடம் தருகின்றன என்பது உண்மைதான். ஆனால் சேரும்போது கேட்காதவர் படிப்பு முடியும்வரை கேட்க முடியாது என்ற விதியும் அவற்றில் பலவற்றில் உண்டு. மேலும் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் பெறுவதற்கே முதலாண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்டியாக வேண்டும். சில தனியார் கல்லூரிகளில் அது 80,000 டாலரைத் தாண்டும். யாருடைய வங்கிக் கணக்கைக் காட்டுவீர்கள்? எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு அமெரிக்க அரசின் மாணவர் நிதியுதவி கிடையாது. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்றாலும், அந்தச் சம்பளம் கைச்செலவுக்குத்தான் காணும்.

பணத் தேவையைப் பாராமல் சேர்த்து, முழுத் தேவையையும் ஈடுகட்டும் ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்ற இடங்கள் இருக்கின்றன. ஆனால் ஹார்வர்டு ஓராண்டில் எடுக்கும் டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் சுமார் 12 பேர்தான். மற்ற கல்லூரிகளின் இணையதளத்தில் வெளிநாட்டவருக்கு உதவி உண்டு என்று படித்து மகிழ்ந்துவிட வேண்டாம். அது பல இடங்களில் முதலாண்டில் சேர்வோருக்கு மட்டுமே பொருந்தும். விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன், வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர் மாணவருக்கும் உதவி உண்டா என்று நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த 72,000 ரூபாய். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் அப்பாவிடம் வரிக் கணக்குப் படிவம் இருக்க வாய்ப்பில்லை, எனவே நிதியுதவிக்காகக் குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் காட்டும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்தோடு அந்தச் சான்றையே இணைக்கத் தோன்றும். ஆனால் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில்தான் வருகிறது. ஒரு சம்பாவுக்கே இரண்டு லட்சம் வரவு காட்டும் பாஸ்புக்கை 72,000 ரூபாய்ச் சான்றுக்குப் பக்கத்தில் வைத்தால், அதைப் பார்க்கும் அலுவலர் எதை நம்புவார்? உழவு, நடவு, உரம், அறுப்புக் கூலி, கூட்டுறவுச் சங்கக் கடன் ஆகியவற்றைக் கழித்து மிச்சம் என்ன என்பதை அப்பாவோடு உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதி, அவர் கையெழுத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணையுங்கள். நிலத்தின் மதிப்பையும் மறைக்க வேண்டாம். அது விற்று எடுக்கும் பணமல்ல, குடும்பத்தின் பிழைப்பு என்பதை அதே பக்கத்தில் சொல்லிவிடலாம்.

இலையுதிர்காலச் சேர்க்கைக்குப் பல கல்லூரிகள் மார்ச் மாதத்தோடு விண்ணப்பத்தை முடித்துவிடுகின்றன. நிதியுதவித் தாள்களும் அதையொட்டியே போய்ச் சேர வேண்டும். இடம் அமையாவிட்டால், திருச்சியிலேயே பட்டம் முடித்து, எம்.எஸ்ஸி.க்குப் பின் அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். அங்கே கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணியோடு கல்விக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் தருவது வழக்கம். உங்கள் நிலையில் நான் அந்த வழியையே முதலில் எண்ணியிருப்பேன்.