நோ மருந்தும் நடிக்கிற நோயாளியும்: நீங்க கேட்டதுக்கு என்ர பதில்

மோர்பின், ட்ரமடோல் மாதிரிக் கடும் நோ மருந்து எழுதேக்க சனத்தோட எப்பிடிக் கதைக்கிறது எண்டதை இளம் டொக்டர்மாருக்கு ஆள் வச்சு நடிச்சுச் சோதிக்கிறம் எண்டு போன கிழமை சும்மா ஒரு வரி சொன்னன், அதுக்கு இவ்வளவு கேள்வி. நைட் டியூட்டி முடிச்சு வந்து தட்டுறன், எழுத்துப்பிழை பாக்காதேங்கோ.

மல்லாவியில இருந்து: அக்கா, நடிக்கிற நோயாளி எண்டா பொய் வருத்தக்காரரோ?

வருத்தம் பொய், கோவமும் பயமும் உண்மை மாதிரி வரவேணும். 1963 இல அமெரிக்காவில ஹாவர்ட் பரோஸ் எண்ட நரம்பு டொக்டர் தொடக்கி வச்சது. பிறகு 1975 இல ஸ்கொட்லாந்து டண்டீல ரொனால்ட் ஹார்டன் ஆக்கள் ஒஸ்கி (OSCE) எண்ட சோதினை முறையைக் கொண்டு வந்தவை, ஒவ்வொரு ஸ்டேசனிலயும் ஒரு நோயாளி இல்லாட்டி ஒரு வேலை இருக்கும், மணி அடிக்க அடிக்க ஸ்டேசன் மாறி ஓடுறது. மெடிக்கல் படிச்ச ஆக்களுக்கு அந்த மணி இப்பவும் கனவில கேக்கும்.

புதுக்குடியிருப்பு, பைனல் இயர்: டோஸ் எல்லாம் பிழையில்லாமச் சொன்னா மார்க்ஸ் வருமோ அக்கா?

காணாது தங்கச்சி. ஒரு ஸ்டேசன் சொல்லுறன் கேளும். அறுபது வயசு அம்மா, மார்புப் புற்றுநோய் எலும்புக்குப் போட்டுது, நீர் மோர்பின் குளிசை எழுதப் போறீர். அவ சொல்லுறது ஒண்டே ஒண்டுதான், "எனக்குப் பனடோல் காணும் பிள்ளை." உள்ளுக்குள்ள இருக்கிற பயம் என்னெண்டா, பக்கத்து வீட்டு ஐயா மோர்பின் தொடங்கி நாலாம் நாள் செத்தவர், அப்ப அது சாக முதல் குடுக்கிற மருந்து எண்டு அவவுக்கு நினைப்பு. ஆனா அதை அவ தானாச் சொல்லமாட்டா, நாங்கள் அப்பிடித்தான் பழக்கி வச்சிருக்கிறம். "ஏனம்மா அப்பிடிச் சொல்லுறீங்கள்?" எண்டு கேட்டுட்டு வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் இருந்தா சொல்லுவா. பெடியள் இருக்கமாட்டினம், நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, மலச்சிக்கல் வரும் அதுக்கும் மருந்து தருவன், சாராயம் கூடாது, நித்திரைக் குளிசை சேர்த்தா மூச்சு அடங்கும் எண்டு மளமளவெண்டு ஒப்புவிப்பினம், எல்லாம் சரிதான், ஆனா அம்மா வீட்ட போய் அந்தக் குளிசையை றங்குப்பெட்டிக்க வச்சிட்டுப் பனடோலைத்தான் போடுவா.

கடைசியில "மகளுக்கு என்னண்டு சொல்லுவீங்கள், எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ" எண்டு கேட்டா அதுக்கும் மார்க்ஸ் இருக்கு. "விளங்கினதோ?" எண்டு கேட்டா இல்லை. எங்கட சனம் டொக்டருக்கு விளங்கேல்லை எண்டு எப்ப சொன்னது?

வவுனியா: அமெரிக்காக்காரரிட்ட இதுக்கு ரெடியா ஸ்கிரிப்ட் இருக்குமே, அதையே எடுக்கலாந்தானே?

எடுத்துப் பாத்தம், பொருந்தேல்லை. அங்க 1996 இல ஒக்சிகொன்டின் எண்ட மோர்பின் மாதிரிக் கடும் நோக் குளிசை வந்து, அடிமையாகிற ஆபத்துக் குறைவு எண்டு விளம்பரம் பண்ணி வித்து, 2007 இல அந்தக் கொம்பனி கோட்டில குற்றத்தை ஒத்துக்கொண்டது. அதால அவையின்ர ஸ்கிரிப்ட்டில கனக்க, மருந்து கேட்டு அடம்பிடிக்கிற ஆளுக்கு ஏலாது எண்டு சொல்லுறதுதான். 2016 இல அவையின்ர சிடிசி எண்ட அரச நோய்த்தடுப்பு நிறுவனத்தின்ர வழிகாட்டி இந்த மருந்துகளைப் பற்றி வந்தாப்பிறகு சில டொக்டர்மார் வருசக்கணக்கா எடுத்த ஆக்களுக்கும் சடாரெண்டு நிப்பாட்டி, சனம் பட்ட பாட்டைப் பாத்து 2022 இல திருத்தி, அப்பிடி வெட்டாதேங்கோ எண்டு எழுதினவை. எங்கட வாட்டில முக்கால்வாசிச் சண்டை மற்றப்பக்கம், தேவையான ஆளை எடுக்கப் பண்ணுறதுதான் பெரும்பாடு. ஆனா ட்ரமடோலும் ப்ரீகபலின் எண்ட நரம்பு நோ மருந்தும் பெடியளிட்ட போதைக்குப் போகுது எண்டதும் உண்மை, அதால ரெண்டு விதமான ஆளையும் வைக்கிறம்.

ஒட்டுசுட்டான்: என்ர அண்ணைக்கு 2009 இல கால் போனது, நோவுக்கு ட்ரமடோல் கேட்டதுக்கு ஒரு டொக்டர் "நீர் பழகிட்டீரோ" எண்டு கேட்டார், அண்ணை திரும்பிப் போகேல்லை.

வாசிக்கவே ஒரு மாதிரிக் கிடக்கு தம்பி. அந்தக் கேள்வி கேக்கத்தான் வேணும், ஆனா அப்பிடியில்லை. நாங்கள் பழக்கிறது, "இந்த மருந்து எடுக்கிற எல்லாரிட்டையும் இதைக் கேக்கிறனான், உங்களிட்டையும் கேக்கிறன்" எண்டு தொடங்கச் சொல்லி. இன்னொண்டு, உடம்பு மருந்துக்குப் பழகிறதும் அடிமையாகிறதும் ஒண்டில்லை, பழகின உடம்புக்குத் திடீரெண்டு விட்டா நடுங்கும் வேர்க்கும், அதைப் பாத்து உடன "அடிமை" எண்டு முத்திரை குத்தக்கூடாது.

உங்கட அண்ணை மாதிரி ஒருத்தரைத்தான் ரெண்டாவது ஸ்டேசனில வைக்கிறம். இல்லாத கால் எரியுது எண்டுவார், தலையிலயும் செல் பீஸ் இருக்கு, எப்பவாவது வலிப்பு வரும், கேட்டாத்தான் சொல்லுவார். ட்ரமடோல் வலிப்பைத் தூண்டக்கூடியது, எரியிற நோ நரம்பு நோ, அதுக்கு இவருக்கு முதல்ல பாக்கிறது கபபென்டின் மாதிரி மருந்து. அப்ப இங்க "இது உங்களுக்குச் சரிவராது" எண்டு சொல்லத்தான் வேணும், ஆனா "தரமாட்டன்" எண்டதோட முடிச்சா பெயில். இதுக்குப் பதிலா என்ன தாறன், எப்ப திரும்பப் பாக்கிறன் எண்டு சொல்லி அனுப்பவேணும். அண்ணையை வேற கிளினிக்குக்கு எண்டாலும் கூட்டிக்கொண்டு போங்கோ, வலிப்பு இருந்தா முதல்லயே சொல்லச் சொல்லுங்கோ.

செட்டிகுளம்: சிங்கள டொக்டர்மாருக்கு எப்பிடிச் சோதிக்கிறது?

நல்ல கேள்வி. குத்துது, உளையுது, எரியுது, விறைக்குது, இவ்வளவையும் இடையில நிண்டு மொழிபெயர்க்கிற மிஸ்ஸி (நேர்ஸ்) அவசரத்தில "நோவாம்" எண்டு ஒரு சொல்லில முடிச்சிடுவா, அதோட நரம்பு நோ காணாமப் போயிடும். அதால மிஸ்ஸியையும் ஸ்டேசனில இருத்துறம், டொக்டர் நோயாளியைப் பாத்துக் கதைக்கிறாரோ மிஸ்ஸியைப் பாத்தோ எண்டு கவனிக்கிறம். முக்கால்வாசிப்பேர் மிஸ்ஸியைத்தான் பாப்பினம், தமிழ் டொக்டர்மார் எண்டா பைலைப் பாப்பினம்.

முள்ளியவளை: நான் கூத்து ஆடினனான், நடிக்க வரலாமோ?

வாங்கோ அண்ணை, ஆனா ஒரு சொல்லு. முந்தி ஒரு கூத்துக்கார ஐயாவை எடுத்தம், பெடியன் வாசலுக்க வர முதலே தலையில அடிச்சு அழத் தொடங்கிட்டார், பெடியன் பயந்து வெளிய போட்டான். பத்துப் பேர் வந்தா பத்துப் பேருக்கும் ஒரே அளவு நோ, ஒரே அளவு கோவம் காட்டவேணும், இல்லாட்டி மார்க்ஸ் நியாயமில்லை. ரெண்டு நாள் ஒத்திகை இருக்கு. மத்தியானச் சாப்பாடு தருவம், பஸ் காசு தருவம், அதுக்கு மேல எங்களிட்ட இல்லை.