கம்பெனி வாங்கும் சீசன்

கேள்வி: ஒரு வருடம் பார்த்தால் தினமும் ஏதோ ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கியதாகச் செய்தி. அடுத்த வருடம் சத்தமே இல்லை. இதை எது தீர்மானிக்கிறது?

பதில்: பெரும்பாலும் வட்டி. 100 கோடி டாலருக்கு ஒரு கம்பெனி விலைக்கு வருகிறது, வருடத்துக்கு 7 கோடி சம்பாதிக்கிறது என்று வையுங்கள். வாங்குபவர் 40 கோடி கைக்காசு போட்டு, 60 கோடி கடன் வாங்குகிறார். 5 சதவீத வட்டி என்றால் 3 கோடி கட்டிவிட்டு 4 கோடி மிஞ்சும், போட்ட காசுக்கு 10 சதவீதம், சந்தோஷம். அதே வட்டி 9 சதவீதம் ஆகிவிட்டால் 5.4 கோடி வட்டிக்கே போய், மிச்சம் 1.6 கோடிதான். இந்த 4 சதவீதத்துக்கு எதற்கு இவ்வளவு தலைவலி என்று எழுந்து போய்விடுவார். கம்பெனி என்னவோ அதே கம்பெனிதான்! கடன் வாங்கிக் கம்பெனிகளை வாங்கி, பிறகு விற்றே பிழைப்பு நடத்தும் பிரைவேட் ஈக்விட்டிக்காரர்களை இது இன்னும் பலமாக அடிக்கும்.

2021-இல் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்தது, உலகம் முழுக்க நடந்த டீல்கள் 5 லட்சம் கோடி டாலரைத் தாண்டிச் சாதனை படைத்தன. 2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலைக்குள் 5.25-5.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருட டீல்கள் ஏறக்குறைய 3 லட்சம் கோடிக்கு இறங்கிவிட்டன.

கேள்வி: அப்படியானால் வட்டி இறங்கியதும் டீல்கள் குவிந்துவிடுமா?

பதில்: உடனே இல்லை. விற்பவர் மனதில் பழைய உச்ச விலையே நிற்கும், வாங்குபவர் இன்றைய விலையைப் பேசுவார், இரண்டு பேரும் இறங்கி வரவே பல மாதங்கள் ஆகும். அப்புறம், சந்தையில் போட்டியைக் குறைக்கும் டீல்களைத் தடுக்கும் அரசு ஒழுங்குமுறை அமைப்புகள் வேறு. டிசைன் மென்பொருள் கம்பெனியான ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்குவதாக 2022-இல் அறிவித்த ஃபோட்டோஷாப் கம்பெனி அடோபி, ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் அனுமதி கிடைக்காது என்று தெரிந்ததும் 2023 டிசம்பரில் கைவிட்டு, 100 கோடி டாலர் முறிவுத்தொகையும் கொடுத்தது. இதைப் பார்க்கிற மற்ற கம்பெனித் தலைவர்களுக்கு வயிறு கலங்காதா?

கேள்வி: பங்குச்சந்தை உச்சத்தில், எல்லாம் விலை கூடியிருக்கும்போது போய் வாங்குகிறார்களே, ஏன்?

பதில்: எனக்கும் முதலில் விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் உச்சத்தில் இருப்பது வாங்குபவரின் பங்கும்தான், ரொக்கத்துக்குப் பதில் அதையே கொடுத்து வாங்கலாம். 2000 ஜனவரியில் அமெரிக்க இணைய சேவைக் கம்பெனி ஏஓஎல், தன்னைவிடப் பல மடங்கு வருமானம் உள்ள ஊடகக் கம்பெனி டைம் வார்னரை அப்படித்தான் வளைத்தது. இரண்டே மாதத்தில் இணையப் பங்குகள் சரியத் தொடங்கின, 2002-இல் அந்தக் கூட்டுக் கம்பெனி காட்டிய நஷ்டம் கிட்டத்தட்ட 10,000 கோடி டாலர். தவிர, பக்கத்துப் போட்டியாளர் வாங்கிவிட்டார், நாம் சும்மா இருக்கிறோமே என்ற பதற்றம் இருக்கிறதே, அதை எந்தக் கணக்கிலும் எழுத மாட்டார்கள்.

கேள்வி: இதில் இடையில் நிற்கும் முதலீட்டு வங்கிகளின் பங்கு?

பதில்: டீல் முடிந்தால்தான் அவர்களுக்குக் கட்டணத்தின் பெரும்பகுதி கைக்கு வரும். "இப்போது வேண்டாம், பொறுங்கள்" என்று அவர்கள் சொல்வார்கள் என எதிர்பார்க்கிறீர்களா?