இரத்தம் வருகிறது, கம்பி போகவில்லை என்றால்

வணக்கம் டாக்டர். 3 கிலோ குழந்தைக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்துக் கழுத்துச் சிரையில் குழாய் போடும்போது, ஊசி நுழைந்து, இரத்தமும் வந்தபிறகு வழிகாட்டிக் கம்பி (ஊசி வழியாகச் சிரைக்குள் விட்டு, அதன்மேல் குழாயைச் செலுத்த உதவும் மெல்லிய கம்பி) முட்டி நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இந்த வயதில் சிரை அவ்வளவு மென்மையானது. ஊசி அழுத்தும்போது முன்சுவர் குழிந்து பின்சுவரோடு ஒட்டும். இரண்டும் ஒன்றாகத் துளைபட்டுவிடும், கம்பி சிரைக்குள் போகாது.

முதலில் கழுத்தின்மேல் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை, அதாவது புரோபைப் பிடிக்கும் விரல்களைத் தளர்த்துங்கள். திரையில் வெறும் கோடாக நசுங்கியிருந்த சிரை அப்போதே வட்டமாக விரியும். தலையை அதிகம் திருப்பாதீர்கள், தமனி சிரைக்கு நேர் பின்னால் வந்துவிடும்.

ஊசிமுனை வெண்புள்ளியாகச் சிரைக்குள் தெரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். புரோபைச் சற்று முன்னே நகர்த்துங்கள், புள்ளி மறையும். ஊசியைச் செலுத்துங்கள், மீண்டும் தோன்றும். இப்படிச் சில மில்லிமீட்டர் சிரைக்குள்ளேயே போனபிறகு கம்பியை விடுங்கள். தடைபட்டால் கம்பியை மட்டும் பலவந்தமாக இழுக்க வேண்டாம், ஊசியின் விளிம்பில் அறுபடும். இரண்டையும் சேர்த்தே எடுங்கள். கம்பி சிரைக்குள் இருப்பதைத் திரையில் பார்க்காமல் டைலேட்டரை (குழாய்க்காகத் துளையை அகலமாக்கும் கருவி) தொடவே கூடாது.

குழந்தைக்கு ஒற்றைக் கீழறை இதயமா (இரண்டு கீழறைகளில் ஒன்று மட்டுமே சரியாக இயங்கும் பிறவிக் குறை)? அப்படியானால் கழுத்துச் சிரையின் இரத்தம் போய்ச் சேரும் மேற்பெருஞ்சிரை, பின்னாளில் அதை நுரையீரல் தமனியோடு இணைக்கும் கிளென் அறுவைக்கு வேண்டும். கழுத்தில் திரும்பத் திரும்பக் குத்தாமல், அறுவை மருத்துவரிடம் பேசித் தொடைச் சிரைக்கு மாறுவதே நல்லது.