நமக்கு இதில் என்ன பங்கு?

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் எனக்குக் கனடியக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். அதில் பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றியும் ஒரு வரி வருகிறது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி வாசித்தேன், மனம் கனத்தது. ஆனால் நாங்களே போரில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள். யாரோ செய்த கொடுமைக்கு நாங்கள் ஏன் நல்லிணக்கம் பேச வேண்டும்?

கே., ஸ்காபரோ

அன்புள்ள கே.,

அந்தக் குற்றத்தில் உங்களுக்குப் பங்கில்லை. இருக்கிறது என்று யாரும் சொல்லவும் இல்லை. அந்தப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த, மரி சின்கிளேயர் தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் 94 கோரிக்கைகளை வைத்தது. அவற்றில் கடைசி இரண்டும் புதிதாகக் குடியேறுகிறவர்களைப் பற்றியவை. நீங்கள் சொல்லப்போகும் வரி அப்படி வந்ததுதான். ஆயிரக்கணக்கானோரின் சாட்சியத்தைக் கேட்டு முடித்தவர்கள், இனி வரப்போகிறவர்களுக்கும் இது தெரியட்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

பிரான்ட்ஃபோர்ட் உங்களுக்குத் தூரமில்லை. அங்கே 1970 வரை நடந்த வதிவிடப் பாடசாலைதான் மோஹாக் இன்ஸ்டிடியூட். எந்நேரமும் கஞ்சிதான் என்பதால் பிள்ளைகள் அதை ‘மஷ் ஹோல்’ என்றார்கள். சுற்றிலும் ஆப்பிள் தோட்டம், பறித்துத் தின்றால் தண்டனை. 2013இல் கூரை ஒழுகி, கட்டடத்தை இடிப்பதா காப்பதா என்ற கேள்வி வந்தபோது, அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான சிக்ஸ் நேஷன்ஸ் மக்களில் மிகப் பெரும்பாலோர் காக்கச் சொன்னார்கள். அங்கே அடிபட்டவர்களும்தான். நாளைக்கு ஒருவர் வந்து ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று சொன்னால் காட்டுவதற்குச் சாட்சி வேண்டுமே. அப்படிச் சொல்கிறவர்கள் இப்போதே இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பள்ளிகளில் காசநோயால் பிள்ளைகள் சாகிறார்கள் என்று அரசின் மருத்துவ அதிகாரி டாக்டர் பீட்டர் பிரைஸ் 1907இலேயே அறிக்கை கொடுத்தார். அரசு அதைக் கண்டுகொள்ளவில்லை. 1920இல் அந்தப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவதைக் கட்டாயமாக்கச் சட்டமே கொண்டுவந்தது. இறந்ததாகத் தெரிந்த பிள்ளைகளின் நினைவுப் பட்டியலில் இன்று 4,100க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. செலவாகும் என்று பல உடல்களை வீட்டுக்கு அனுப்பவே இல்லை. எங்கே புதைத்தார்கள் என்று தெரியாமலே பல பெற்றோர் போய்ச் சேர்ந்தார்கள்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் இருந்து போராடும் தாய்மாரை உங்களுக்குத் தெரியும். ‘எங்கே?’ என்ற அதே கேள்வியோடுதான் மோஹாக் இன்ஸ்டிடியூட்டில் படித்து மீண்டவர்கள் 2021இல் தங்களுக்கென ஒரு செயலகம் அமைத்து, பள்ளி நிலத்தில் ரேடார் வைத்துத் தேடுகிறார்கள். எங்களுக்கு என்ன பங்கு என்று கேட்டீர்கள். ‘எங்கே?’ என்ற கேள்வி நமக்குப் புதிதில்லை. அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

சரி, செய்வதற்கு என்ன இருக்கிறது? பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மோஹாக் இன்ஸ்டிடியூட்டுக்கு ஒருமுறை போங்கள். மீண்டவர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால், அவராகச் சொல்லும்வரை எதையும் தோண்டிக் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைகளை நினைவுகூர ஆரஞ்சுச் சட்டை அணியும் செப்டம்பர் 30க்குச் சட்டை வாங்குவதென்றால் பூர்வகுடியினர் செய்து விற்பதையே வாங்குங்கள். அப்புறம், நம் வீட்டு விருந்துகளில் ‘அவங்களுக்கென்ன, அரசாங்கம் எல்லாம் சும்மா குடுக்குது’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவர் வயதில் மூத்தவராக இருந்தாலும் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள்.