கேளுங்க சொல்றோம்: பஹ்ரைன் புகையும் ஐஸ்லாந்து புகையும்

வாசகி, கீழக்கரை: எங்க காக்கா பஹ்ரைன்ல அலுமினிய ஆலையில வேலை பாக்குறாக. காலேஜ்ல ரெண்டு சின்ன நாட்டோட தொழிற்சாலை கார்பனை வருஷாவருஷம் ஒப்பிடுற ப்ராஜெக்ட் எனக்கு. பஹ்ரைனும் ஐஸ்லாந்தும் எடுத்தேன். ஒரு டன் அலுமினியத்துக்கு இவ்ளோன்னு வகுத்தா ஒரு டேபிள்ல ரெண்டும் ஒண்ணு போல இருக்கு, இன்னொண்ணுல பஹ்ரைன் எங்கயோ போகுது. எதை எழுதட்டும்?

ரெண்டும் சரிதான் தங்கச்சி, தலைப்பு மட்டும் வேற. காக்காகிட்டயே கேட்டுப் பாருங்க, 'பாட்'னு (pot) அவங்க சொல்ற அலுமினியம் எடுக்குற தொட்டிக்குள்ள தொங்குற கரிக்கட்டை ஏறக்குறைய நாலு வாரத்துல கரைஞ்சு சின்னதா ஆயிரும், அப்புறம் புதுசு மாட்டணும். அந்தக் கரி எங்க போச்சு? அலுமினாவுல (அலுமினியம் எடுக்குற வெள்ளைப் பொடி) இருக்குற ஆக்சிஜனோட சேந்து கார்பன் டை ஆக்சைடா போச்சு. ஒரு டன் அலுமினியத்துக்கு சுமார் ஒன்றரை டன். இது பஹ்ரைன்லயும் அதேதான், ஐஸ்லாந்துலயும் அதேதான், வேதிவினைக்கு ஊர் தெரியாது. ஐபிசிசி (ஐநாவோட பருவநிலை நிபுணர் குழு) கணக்குமுறையில இதுக்கு 'தொழிற்சாலை செயல்முறை'ன்னு தலைப்பு, உங்க முதல் டேபிள் அதுவாத்தான் இருக்கணும்.

வித்தியாசம் கரண்ட்டுல. ஒரு டன்னுக்கு 14,000 யூனிட் கிட்ட இழுக்கும், ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட் ஓடுற நம்மூரு வீட்டுக்கு அது பதினோரு வருஷத்துக்கு மேல வரும். ஐஸ்லாந்துல அத்தனையும் ஆத்துத் தண்ணியும் பூமிச்சூடும் குடுக்குற கரண்ட். கிழக்குக் கரையில 2007ல உற்பத்தி தொடங்குன ஒரே ஒரு ஆலைக்காகவே கராஹ்ன்யூகர்னு 690 மெகாவாட்டுக்கு அணை கட்டுனாங்க. நம்ம கமுதி சோலார் 648 மெகாவாட், அதுவும் வெயில் அடிச்சாத்தான், ஆனா அந்தத் தொட்டியில ஒரு சில மணி நேரம் கரண்ட் நின்னாலே உலோகம் உறைஞ்சு போயிரும். பஹ்ரைன்ல எரிவாயுவ எரிச்சுத்தான் கரண்ட், அதனால டன்னுக்கு இன்னொரு அஞ்சாறு டன் கார்பன் கூடுது, ஆனா எரிபொருள் புகைங்குறதால அது 'எரிசக்தி' தலைப்புக்குப் போயிருது. ரெண்டு தலைப்பையும் தனித்தனியா போட்டு, கீழ கூட்டுத்தொகையும் போடுங்க. ஒண்ணை மட்டும் காட்டுனா அது ஒப்பீடே இல்ல.

இன்னொரு சமாச்சாரம், ஐஸ்லாந்து 1990லருந்து உள்ள எல்லா வருஷத்துக் கணக்கையும் வருஷாவருஷம் ஐநாவுக்கு குடுக்குது, பஹ்ரைன் வளரும் நாடுங்குற பட்டியல்ல இருக்குறதால இதுவரைக்கும் எப்பவாச்சும் ஒரு தடவைதான் குடுத்துருக்கு. அதனால பஹ்ரைன் வரிசையில நடுவுல இருக்குற வருஷமெல்லாம் பெரும்பாலும் எரிபொருள் செலவை வச்சு வெளியாளுங்க போட்ட மதிப்பீடு. அதைக் கோட்டுப்படத்துல புள்ளிக்கோடா போட்டுருங்க, சார் கேட்டா பதில் சொல்ல வசதியா இருக்கும்.

வாசகர், தொண்டி: நாலு லட்சம் பேர் கூட இல்லாத ஐஸ்லாந்தெல்லாம் ஒரு கணக்கா? இந்தியாவுக்கு முன்னால அது என்னங்க?

மொத்தமா பாத்தா ஒண்ணுமே இல்லதான் அண்ணே. ஆனா தலைக்கு வகுத்துப் பாருங்க. வருஷத்துக்கு சுமார் 8 லட்சம் டன் அலுமினியம், அதுல கரிக்கட்டைப் புகை மட்டுமே 12 லட்சம் டன், அப்படின்னா ஆளுக்கு 3 டன். நம்ம நாட்டுல ஒரு ஆளுக்கு எல்லாம் சேத்தே 2 டன் சொச்சம்தான். (அந்த அலுமினியத்துல கிட்டத்தட்ட அத்தனையும் கப்பலேறி வெளிய போயிருது, அதை யார் தலையில எழுதுறதுங்குறது பெரிய பஞ்சாயத்து.)

சின்ன நாட்டு கிராஃப் மெதுவா ஏறாது, படிக்கட்டு மாதிரி குதிக்கும். ஐஸ்லாந்துல 1969ல ஒரு ஆலை, 1998ல ஒண்ணு, 2007ல ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு படி. பஹ்ரைன்ல 1971ல ஆரம்பிச்ச ஒரே ஆலைதான், அதையே பெருசாக்கிப் பெருசாக்கி இப்ப 15 லட்சம் டன்னைத் தாண்டியாச்சு. "எங்க நாடு சிறுசு, ஒரு ஆலை வந்தாலே கியோட்டோ இலக்கு (கார்பனைக் கட்டுப்படுத்த உலக ஒப்பந்தம் வச்ச வரம்பு) காலி"ன்னு ஐஸ்லாந்து வாதாடி, 2001ல மராகேஷ்ல நடந்த ஐநா பருவநிலை மாநாட்டுல தனி விதியே வாங்கிருச்சு: புதுப்பிக்கக்கூடிய கரண்ட்டுல ஓடுற புது ஆலைகளோட கார்பன், வருஷத்துக்கு 16 லட்சம் டன் வரைக்கும், தனியா எழுதிக்கலாம், 2008–2012 இலக்குல சேராது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனா அந்த அஞ்சு வருஷக் கணக்கைப் பாக்குறப்ப இந்த ஒதுக்கு சேந்துருக்கா இல்லையான்னு பாக்காம விட்டா மோசம் போயிருவீங்க.

வாசகர், பெரியபட்டினம்: முன்ன நம்ம கடல்ல பவளக்கல்லு எடுத்து காளவாசல்ல சுண்ணாம்பு சுட்டாங்களே, அதுலயும் இந்தக் கார்பன் உண்டா?

உண்டுங்க. பவளமோ சிப்பியோ மலைச் சுண்ணாம்புக்கல்லோ, 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டா 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு கல்லுக்குள்ள இருந்தே வரும், விறகுப் புகை அதுக்கு மேல. பவளத்தை 2001ல வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேத்துட்டாங்க, இப்ப தொட்டா கேஸ்தான். ஐஸ்லாந்துலயும் இதே கதை ஒண்ணு உண்டு, அங்க நல்ல சுண்ணாம்புக்கல் கிடையாதுன்னு அக்ரானெஸ் ஊரு சிமெண்ட் ஆலைக்கு கடலடியில இருந்து சிப்பி மணலை உறிஞ்சி எடுத்தாங்க, 1958ல தொடங்குனது. இப்ப அதை மூடிட்டு சிமெண்ட்டை வெளிய இருந்து இறக்குறாங்க. அதனால அவங்க கணக்குல சிமெண்ட் கார்பன் சைபர், சிமெண்ட் வித்த நாட்டுக் கணக்குல ஏறியிருக்கும். கீழக்கரை தங்கச்சியும் இதைக் குறிச்சு வச்சுக்கட்டும்.