பிசியோதெரபி படிக்க இயற்பியலும் வேதியியலும் எதற்கு?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் உளவியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்து பிசியோதெரபி முனைவர் படிப்பான டிபிடியில் சேர விரும்புகிறாள். அதற்கு முன் இயற்பியல், வேதியியல், உடற்கூறியல் ஆகியவற்றை முடித்திருக்க வேண்டுமாம். இவை உண்மையில் பயன்படுமா, வெறும் சடங்கா? எல்லாவற்றையும் ஒரே கோடை விடுமுறையில் இணையவழியில் முடித்துத் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார்.

பதில்: சடங்கு அல்ல. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கையில் 5 கிலோ எடையை ஏந்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். எடை மூட்டிலிருந்து ஏறத்தாழ 35 செ.மீ. தள்ளி இருக்கிறது, அதைத் தாங்கும் மேற்கைத் தசையோ மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. தூரத்தில்தான் முன்கை எலும்பைப் பற்றியிருக்கிறது. ஆகவே முன்கையின் எடையைக் கணக்கில் சேர்க்காமலே, அந்தத் தசை 40 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கும் விசையுடன் இழுத்தாக வேண்டும். தசைநாண் அறுவை சிகிச்சை முடிந்து வருபவரிடம் 'சின்ன எடைதானே' என்று நீட்டும் கையைத் தடுப்பது இந்த நெம்புகோல் கணக்குதான். வேதியியலும் அப்படியே: இரத்தத்தின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.35 முதல் 7.45 வரையிலான குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதை அறிந்தவருக்கே, நுரையீரல் நோயாளியை நடக்கவைக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்பது புரியும். உடற்கூறியலைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இனி அந்த ஆலோசகர். பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். இந்த அறிவியல் பாடங்களுக்கு ஆய்வகப் பயிற்சியும் சேர்ந்தே கேட்கப்படுகிறது. இணையவழி ஆய்வகத்தை ஏற்காத கல்லூரிகள் பல உள்ளன. அதைவிடப் பெரிய ஆபத்து மதிப்பெண். அறிவியல் பாடங்களின் சராசரி தனியாகவே கணக்கிடப்படுகிறது. இரண்டு பருவங்களில் நிதானமாகப் படிக்க வேண்டியதைச் சில வாரங்களில் விழுங்கிய மாணவருக்கு அந்தச் சராசரி சரிந்தால், அதை மீட்பது கடினம்.

'குறைந்தால் திரும்ப எழுதிக்கொள்ளலாம்' என்பார்கள். இதைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். பிடிகேஸ் என்னும் பொது விண்ணப்ப அமைப்பு முதல் முயற்சி, மறுமுயற்சி இரண்டையும் சேர்த்தே சராசரி போடுகிறது. உங்கள் மகளின் கல்லூரி பழைய மதிப்பெண்ணை நீக்கிவிட்டாலும் அங்கே அது நீங்காது. சில கல்லூரிகள் மட்டும் பின்னர் தாமே கணக்கிட்டு, கடைசி மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சலுகை அந்தந்தக் கல்லூரியோடு நின்றுவிடும். ஒரு கல்லூரியில் கிடைத்ததை வைத்து இன்னொன்றில் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரே பட்டம், ஒரே உரிமத் தேர்வு. ஆனால் பாடப் பட்டியல் மட்டும் கல்லூரிக்குக் கல்லூரி வேறு. ஓரிடத்தில் ஏற்கும் பாடத்தை இன்னோரிடத்தில் தள்ளுகிறார்கள், ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு முன் படித்ததைச் செல்லாது என்கிறார்கள். ஒரே பொதுப் பட்டியலை எல்லாக் கல்லூரிகளும் பின்பற்றாதது பெருங்குறை. இடைத்தரகர்கள் பிழைப்பதும் இந்தக் குழப்பத்தில்தான்.

உங்கள் மகள் அடுத்த பருவத்தில் உடற்கூறியல், உடலியங்கியலின் முதல் பகுதியோடு வேதியியலைத் தொடங்கட்டும். இயற்பியலை மூன்றாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். நுண்கணிதம் கலக்காத இயற்பியலே பெரும்பாலான கல்லூரிகளுக்குப் போதும். விரும்பும் கல்லூரிகள் நான்கைந்தைத் தேர்ந்து, எடுக்கப்போகும் பாடத்தின் பெயர், எண், ஆய்வக விவரம் ஆகியவற்றை அவற்றின் சேர்க்கை அலுவலகங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, 'ஏற்போம்' என்ற பதில் எழுத்தில் வந்த பிறகே பாடத்துக்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.